ஏழு மணித்தியாலமும் இருபத்துநாலு நிமிடமும்

பிள்ளைகளே, நீங்கள் இரண்டு பேரும் இந்த வருடம் வேலைக்குச் சேர்ந்திருக்கிற கந்தோரின் நிலவறையில், வெந்நீர்க் குழாய்களுக்குப் பக்கத்தில் ஓர் இரும்பு அலமாரி நிற்கிறது. அதில் பச்சை முதுகு வைத்த கோப்பு ஒன்று இருக்கும், இன்னும் எறியாமல் இருந்தால். அதற்குள் இருக்கிற பிழைகளில் பெரும்பாலானவை என்னுடையவை. கையெழுத்து அழகாக இருக்கும். அதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள்.

உங்களுக்கு முதல் அந்தக் கந்தோரில் வேலை செய்த தமிழ் ஆள் நான்தான். நீங்கள் பட்டம் பெற்றுக்கொண்டு போயிருக்கிறீர்கள். நான் ஐந்தாம் வகுப்பின் பாதியை மட்டும் பெற்றுக்கொண்டு போனேன். இங்கே டென்மார்க்கில், இக்காஸ்ட் என்ற ஊரில் உடுப்புத் தைக்கிற தொழிற்சாலையில் வருடக்கணக்காகக் கை தூக்கித் தூக்கி என் வலது தோள் போய்விட்டது. தொழிற்சாலையும் போய்விட்டது. கொமூன்காரர், அதுதான் நகரசபைக்காரர், என்னைக் கூப்பிட்டு, பாரம் தூக்காமல் உன்னால் என்ன செய்ய முடியும் என்று கேட்டார்கள். கதைப்பேன் என்றேன். அதனால் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார்கள். கதைக்கிறதுக்குச் சம்பளம் கொடுக்கிற இடம் அதுதான் என்று நினைத்திருப்பார்கள்.

அந்த வேலையை நீளமாக விளக்கமாட்டேன். அதற்கு இப்போது கணினி இருக்கிறது, கணினிக்கு எடுபிடியாக நீங்கள் இருக்கிறீர்கள். இவ்வளவு போதும்: பேராசிரியர்மாரின் ஆராய்ச்சிக்கு வெளியில் இருந்து ஒரு நிதியம் சம்பளம் கொடுக்கும். கொடுத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்கும். இந்த மனிதர் இந்த நாளில் எங்கள் வேலையைத்தான் செய்தாரா? மற்ற மாதங்களில் இந்தக் கேள்வி நித்திரையில் கிடக்கும். கோடை வந்தால் எழும்பிவிடும். கோடையில்தான் இந்த நாட்டுச் சனம் மூன்று கிழமை சேர்ந்தாற்போல் காணாமல் போகும். விடுமுறை எடுத்த நாளில் ஆராய்ச்சி மணி எழுதக்கூடாது, மணி எழுதின நாளில் விடுமுறையில் இருக்கக்கூடாது. கோடைச் சம்பள விதி என்று தலையணை மொத்தத்தில் ஒரு புத்தகம் இருந்தது. பிழிந்தால் வருகிற சாறு இவ்வளவுதான். யார் எந்த நாளில் எத்தனை மணித்தியாலம் வேலை செய்தார் என்று எழுதுகிற மணித்தாள்களை அறை அறையாகக் கொண்டுபோய், எழுதுவித்து, ஒப்பம் வாங்கி, கோப்பில் குத்துவது என் வேலை.

ஒரு நாளுக்குரிய வேலைநேரம் அந்தத் தாளில் 7,4 என்று இருக்கும். ஏழு மணித்தியாலமும் நாலு நிமிடமும் என்று நான் விளங்கிக்கொண்டேன். நாலு நிமிடத்தையும் விடாமல் எழுதுகிறார்களே, எவ்வளவு நேர்மையான நாடு என்று வியந்தும் போனேன். காலை எட்டுக்கு வந்தால் பிற்பகல் மூன்று மணி நாலு நிமிடத்துக்கு எழும்பி மேற்சட்டையை மாட்டுவேன். மூன்றேகால் ரயில் கனகச்சிதமாகச் சரிவந்தது. எனக்காகவே ரயில் விடுகிறார்கள் என்று வீட்டில் பெருமையடித்தேன்.

எங்கள் கந்தோருக்குப் பொறுப்பாக இருந்தவர் ஒரு டெனிஷ் பெண்மணி. பெயர் வேண்டாம், சிவப்புக் கண்ணாடிக்காரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கண்ணாடிக்கு மேலால் ஒரு பார்வை, ஊடாக ஒரு பார்வை. மேலால் பார்த்தால் பயமில்லை. மூன்று கிழமை மேலால் பார்த்துக்கொண்டிருந்தவர், ஒரு திங்கட்கிழமை ஊடாகப் பார்த்தார். தசம் நாலு என்றால் உனக்கு எவ்வளவு என்று கேட்டார். நாலு நிமிடம் என்றேன், வலு நம்பிக்கையாக. அவர் சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போய் யாரிடமாவது கேட்டுவரச் சொன்னார். என் சின்ன மகன் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். இந்த நாட்டில் காற்புள்ளிதான் தசப்புள்ளி, பத்தில் நாலு பங்கு மணித்தியாலம், இருபத்துநாலு நிமிடம் என்று டெனிஷில் சொல்லிவிட்டுத் தமிழில் சிரித்தான். பதினைந்து நாள், நாளுக்கு இருபது நிமிடம். ஐந்து மணித்தியாலத்தைத் தூக்கிக்கொண்டு நான் ரயில் ஏறியிருக்கிறேன்.

அந்த இருபத்துநாலு நிமிடத்தை மறந்துவிடாதீர்கள். பிறகு தேவைப்படும்.

இனி, ஊரில் போர் முடிந்த வருடத்துக்கு வருகிறேன்.

எங்கள் பல்கலைக்கழகத்தில் நீர்நிலை ஆராய்ச்சிப் பிரிவில் ரமணன் என்று ஓர் உதவிப் பேராசிரியர் இருந்தான். யாழ்ப்பாணத்துப் பெடியன். பேராதனையில் படித்து, இங்கே வந்து கலாநிதிப் பட்டம் எடுத்தவன். சில்க்போர்க் ஏரிகளில் கிழமைக்கு ஒரு தரம் போத்தலில் தண்ணீர் எடுத்து, வயல்காரர் போடுகிற பசளையால் எவ்வளவு பாசி வளர்ந்திருக்கிறது என்று பார்ப்பது அவன் வேலை. பாசி கோடையில்தான் வளரும். அவன் கோடைச் சம்பளம் முழுவதும் அந்த நிதியத்தின் காசு. டிசம்பரோடு ஒப்பந்தம் முடிகிறது, நீட்டுவதா இல்லையா என்று இலையுதிர் காலத்தில் முடிவெடுப்பார்கள். வேலை போனால் அவன் விசாவும் போகும். அவனுடைய அக்காவும் அத்தானும் இரண்டு பிள்ளைகளும் வன்னிக்குள் அகப்பட்டிருந்தார்கள். வெளியில் இருந்து அவர்களைத் தேடுவதற்கு இந்த உலகத்தில் அவன் ஒருத்தன்தான்.

மே மாத நடுவில் எல்லாம் முடிந்துவிட்டது என்று செய்தியில் சொன்னார்கள். ஆட்கள் எங்கே என்று ஒருவரும் சொல்லவில்லை. ரமணன் ஒவ்வொரு நாளும் காலை எட்டு மணிக்கு வருவான், கதிரையில் இருப்பான். கணினியில் முகாம்களின் பெயர்ப் பட்டியல் இருக்கும், இல்லாவிட்டால் கம்பி வேலிக்குப் பின்னால் சனம் நிற்கிற படம் இருக்கும். ஒவ்வொரு படத்தையும் முகம் உடைந்து புள்ளியாகும் மட்டும் பெருப்பித்துப் பார்ப்பான். நான் இஞ்சி போட்ட தேத்தண்ணி கொண்டுபோய் வைப்பேன். மறுநாள் வந்து ஆறின கோப்பையை எடுப்பேன்.

இந்த நேரத்தில்தான் எனக்கு மூளை வேலை செய்யத் தொடங்கியது. என்னைத் தெரிந்தவர்கள் அந்த நேரத்தில் கொஞ்சம் தள்ளி நிற்பார்கள்.

மே, ஜூன், ஜூலை மூன்று மாதத் தாளையும் எடுத்துக்கொண்டு அவன் அறைக்குப் போனேன். "தம்பி, இதுகளைப் பற்றி யோசியாதையும். ஒப்பத்தை மட்டும் வையும். மிச்சத்தை நான் பார்க்கிறன்."

அவன் தாளைப் பார்க்கவேயில்லை. கணினியைப் பார்த்தபடி மூன்று ஒப்பம் வைத்தான்.

எனக்கு அதில் ஒரு பிழையும் தெரியவில்லை. நாங்கள் கூப்பன் கடையில் பக்கத்து வீட்டுக்காரிக்காகவும் ஒப்பம் வைத்துச் சீனி வாங்கினவர்கள். மணித்தாளும் எனக்குப் பள்ளிக்கூடத்து இடாப்பு மாதிரித்தான். பிள்ளை வந்ததா, வாங்குப் பலகையில் இருந்ததா, வரவு போடு. வாங்கில் இருந்து பிள்ளை படித்ததா என்று எந்த இடாப்பு கேட்டது? கேட்டிருந்தால் நான் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் போயிருக்கமாட்டேன். ரமணன் வந்தான், கதிரையில் இருந்தான், நான் கண்ணால் கண்டேன். திங்கள் முதல் வெள்ளி வரை, பெட்டி பெட்டியாக, அழகான கையெழுத்தில் 7,4 என்று மே முழுக்க எழுதினேன். ஜூனையும் எழுதினேன். பேனை நன்றாக ஓடியது, ஜூலையையும் எழுதி முடித்தேன். கோப்பில் குத்திவிட்டு, ஒரு பெரிய புண்ணியம் செய்த மாதிரி வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டேன்.

ஜூன் கடைசியில் சிவப்புக் கண்ணாடிக்காரி கோப்பைத் திறந்துவைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். கண்ணாடிக்கு ஊடாகப் பார்த்தார்.

முதலில் ஒரு வியாழக்கிழமையைக் காட்டினார். இயேசுநாதர் வானத்துக்குப் போன நாள், நாடு முழுக்க லீவு. பிறகு பெந்தெகொஸ்தே திங்கள், அதுவும் லீவு. இரண்டு நாளும் கட்டடம் பூட்டு. அந்த லீவுகளை வருடாவருடம் எடுத்து, வீட்டில் புட்டு அவித்துச் சாப்பிட்டவள் நான். எழுதும்போது நாட்காட்டியைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் புட்டு அவித்துக்கொண்டிருந்த நேரத்தில், என் கணக்கின்படி ரமணன் பூட்டின கட்டடத்துக்குள் ஆராய்ச்சி செய்திருக்கிறான்.

அடுத்த தாளைப் புரட்டினார். "இன்றைக்கு இன்னும் ஜூன் மாதம்தான்," என்றார். "நீ ஜூலை முழுவதும் எழுதி வைத்திருக்கிறாய். மழை வருமா என்றும் சொல். நான் கூடாரத்தோடு விடுமுறைக்குப் போகவேண்டும்."

வாய் என்னிடம் சும்மா இருக்காது. எங்கள் ஆட்கள் கடும் உழைப்பாளிகள், லீவு நாளிலும் வேலை செய்வார்கள், ஜூலையில் செய்யப்போவதை ஜூனிலேயே தீர்மானித்துவிடுவார்கள் என்று தொடங்கினேன். அவர் எழும்பி, என்னைக் குளிர் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே ரமணனின் தண்ணீர்ப் போத்தல்கள் தட்டில் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் எடுத்த திகதி ஒட்டியிருந்தது. ஏப்ரல் முழுக்க நின்றது. மே மாதத்தில் மூன்று கிழமைக்குரிய இடம் வெறுமையாக இருந்தது. நான் அந்த வெறும் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தட்டோடு வாய்க்காரி என்ன வாதாடுவது?

இதை யார் எழுதினது என்று அவர் கேட்டார். நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். நான் எழுதினேனா இல்லையா என்பதை யோசித்துத்தான் சொல்லவேண்டுமென்று சொன்ன முதல் ஆள் அந்தக் கந்தோரில் நானாகத்தான் இருக்கும்.

நேரே ரமணனிடம் ஓடினேன். நடந்ததைச் சொன்னேன். அவன் கணினியில் இருந்து முதல் தரமாகக் கண்ணை எடுத்தான். "அன்ரி, நீங்கள் பேசாமல் இருங்கோ. ஒப்பம் என்ரை. நான்தான் எழுதினனான் எண்டு சொல்லுறன்."

பொய்மணி எழுதின ஆளுக்கு ஒப்பந்தத்தை நீட்டமாட்டார்கள். அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இந்த இடத்தில், பிள்ளைகளே, நான் உடனே பாய்ந்து மறுத்தேன் என்று எழுத எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா? மறுக்கவில்லை. போய் ஒரு கோப்பி வார்த்தேன். எனக்கும் ஒரு வேலை இருந்தது, தோள் போன கிழவியை இன்னொரு தரம் யார் எடுப்பார்கள், அவன் படித்தவன், எங்கேயும் பிழைப்பான், அவனாகத்தானே கேட்டான் என்று நினைத்தேன். இவ்வளவையும் நினைக்க அந்த ஒரு கோப்பி காணும். ஆறவும் இல்லை.

சிவப்புக் கண்ணாடிக்காரி எங்கள் இரண்டு பேரையும் முன்னால் இருத்தினார். ரமணன் சொன்னபடியே சொன்னான். அவர் ஒரு வெறும் தாளையும் பேனையையும் அவன் பக்கம் தள்ளினார். ஓர் ஏழு எழுதிக் காட்டு என்றார்.

இந்த நாட்டுக்காரர் ஏழு எழுதினால் இடுப்பில் குறுக்கே ஒரு கோடு போடுவார்கள். ரமணனும் இங்கே படித்தவன், அவனுடைய ஏழுக்கும் கோடு உண்டு. என்னுடைய ஏழு ஊரில் படித்த ஏழு, இடுப்பில் ஒன்றும் இல்லாத ஏழு. மூன்று மாதத் தாளிலும் நிற்பவை எல்லாம் என்னுடைய ஏழுகள். அவருக்குத் தொடக்கத்திலேயே தெரிந்திருக்கிறது. அவன் ஏழு எழுதி முடிப்பதற்கு முதல் நான் உண்மையைச் சொன்னேன் என்றாவது எழுதலாம். அதுவும் இல்லை. அவன் எழுதி, கோடும் போட்டு, பேனையைக் கீழே வைத்த பிறகுதான் என் வாய் திறந்தது.

"நான்தான் எழுதினது," என்றேன். "அவர் வெறும் தாளிலைதான் ஒப்பம் வைச்சவர். நான்தான் வைக்கச் சொன்னனான்."

"ஏன்?"

சொன்னேன். அக்கா, பிள்ளைகள், பட்டியல், படம். என் டெனிஷ் மொழியில் அதைச் சொல்லச் சொற்கள் காணாது. மீன் வாங்கவும் பஸ் கேட்கவும் பழகின சொற்களை வைத்துச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கண்ணாடி இல்லாமல் அவரை நான் பார்த்தது அந்த ஒரு தரம்தான்.

கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு, இந்தத் தாள்கள் இன்னும் நிதியத்துக்குப் போகவில்லை என்றார். கோடை முடியத்தான் போகும். ஆகவே திருத்தலாம். நான் உடனே வெள்ளை மை போத்தலை எடுக்க எழும்பினேன். இரு என்றார். வெள்ளை மை பூசக்கூடாது, தாளைக் கிழித்துப் புதிதாக எழுதவும் கூடாது. பிழைக்குக் குறுக்கே ஒரு கோடு, ஒன்றே ஒன்று. கோட்டுக்குக் கீழே பழைய எண் வாசிக்கிற மாதிரித் தெரியவேண்டும். பக்கத்தில் சரியானது, அதற்குப் பக்கத்தில் திருத்தினவரின் ஒப்பமும் திருத்துகிற நாளின் திகதியும். "பழைய திகதி போட்டால் அது இரண்டாவது பொய்," என்றார்.

அடுத்த நாள் நானும் ரமணனும் அவன் அறையில் இருந்து ஒவ்வொரு நாளாகப் பார்த்தோம். நான் கேட்பேன், அவன் சொல்வான். எனக்கு நேற்றுச் சாப்பிட்டது நினைவில்லை. அவனுக்கு மே மாதத்தின் ஒவ்வொரு நாளும் நினைவிருந்தது.

"ரண்டாம் கிழமை, செவ்வாய்?"

"அண்டைக்குத்தான் அக்காவோடை கடைசியாக் கதைச்சது."

"ஏரிக்குப் போனீரோ?"

"இல்லை."

7,4-க்குக் குறுக்கே கோடு. பக்கத்தில் பூச்சியம். அடுத்த நாள், அதற்கடுத்த நாள். மூன்று கிழமையும் பூச்சியம். ஜூனில் சில நாள் மூன்று மணித்தியாலம், சில நாள் ஐந்து. எனக்குக் கையெழுத்து அழகு என்று சொன்னேனே, பூச்சியம் எழுதும்போது அது எப்படிக் கோணிப்போகிறது என்று அன்றைக்குப் பார்த்தேன்.

அந்தப் பூச்சியங்களோடு அப்படியே விடமுடியாது. வேலை செய்யாத நாளுக்கு ஒரு காரணம் எழுதவேண்டும். வருத்தம், அதுதான் உடம்பு சுகமில்லை, என்று எழுதலாமா என்று சிவப்புக் கண்ணாடிக்காரியிடம் கேட்டேன். வருத்தம் என்றால் அன்று காலையே அறிவித்திருக்கவேண்டும், ஒரு மாதம் கழித்து வருத்தம் வராது என்றார். அவர் அந்தத் தலையணைப் புத்தகத்தைப் புரட்டினார், புரட்டினார், கடைசியில் ஓரிடத்தில் விரலை வைத்தார். கோடை விடுமுறைக் காலம் மே முதலாம் திகதியே தொடங்குகிறது. ஜூலையில் எல்லோரும் எடுக்கிற மூன்று கிழமையை ஒருவர் மே மாதத்தில் எடுத்தால் யாரும் தடுக்கமுடியாது. பிரிவுத் தலைவரைக் கேட்டு, அவரும் இன்றைய திகதியில் சம்மதித்து ஒப்பம் வைத்தால், அந்த மூன்று கிழமையும் ரமணனின் கோடை விடுமுறை. ஜூனில் குறைகிற மணிகளுக்கு அவனிடம் மிச்சமிருந்த மற்ற லீவு நாட்கள் போகும். ஜூலையில் எல்லோரும் போன பிறகு அவன் தனியே வேலை செய்யவேண்டும்.

நான் சந்தோசமாக ஓடிப்போய்ச் சொன்னேன். அவன் சந்தோசப்படவில்லை.

"அந்த மூண்டு கிழமையும் நான் விடுமுறையிலை இருந்தனான் எண்டு ஒப்பம் வைக்கிறதோ அன்ரி?"

அவன் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்கும் ஏதாவது நக்கல் வந்திருக்கும். தாளை அவன் பக்கம் திருப்பினேன்.

"பாரும் தம்பி. இந்தத் தாளிலை மூண்டு பெட்டிதான் இருக்கு. வேலை, வருத்தம், விடுமுறை. எங்களுக்கு நடந்ததுக்கு ஒரு பெட்டியும் இவங்கள் அடிக்கேல்லை. அக்காவைத் தேடுறதுக்கு நீர் இஞ்சை இருக்கவேணும். எந்தப் பெட்டி உம்மை இஞ்சை வைச்சிருக்குமோ அதிலை போடும்."

அவன் ஒப்பம் வைத்தான். இந்த முறை தாளைப் பார்த்து வைத்தான்.

எனக்கும் தண்டனை கிடைத்தது. ஜூலையில் நான் ஜெர்மனிக்குக் கோயில் தேர் பார்க்கப் போவதாக இருந்தேன், புதுச் சேலையும் வாங்கியாயிற்று. ஏரிக்கு யாரும் தனியே போகக்கூடாது என்று ஒரு பாதுகாப்பு விதி உண்டு. மாணவர்கள் எல்லோரும் விடுமுறையில். ஆகவே சிவப்புக் கண்ணாடிக்காரி தன் கூடாரத்தைக் காரில் ஏற்றிக்கொண்டு போகும்போது, ஏரிக்குப் போகிற நாளெல்லாம் நீதான் துணை என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். தேர் பார்க்கவேண்டிய நான், செம்மஞ்சள் நிற உயிர்காப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு சில்க்போர்க் ஏரிக்கரை மரப்பாலத்தில் இருந்தேன். தோணியில் ஏறமாட்டேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். அவன் தோணியில் போய்த் தண்ணீர் எடுத்து வருவான், நான் போத்தல்களில் திகதி ஒட்டுவேன். அந்த ஏரிக்கரைக்கு வந்த உல்லாசப் பயணிகளில் சிலர் என்னையும் படம் எடுத்தார்கள். சட்டைக்குள் நான் அவ்வளவு வடிவாகப் பொங்கியிருந்தேன்.

பின்னேரம் கந்தோருக்குத் திரும்பி, அவன் தன் கையாலேயே, கோடு போட்ட ஏழால், 7,4 என்று எழுதுவான். நான் பார்த்துக்கொண்டு நிற்பேன். முன்பு நான் எழுதி வைத்திருந்த ஜூலை எண்களுக்குக் குறுக்கே ஒவ்வொரு நாளும் ஒரு கோடு விழும். எழுத இருந்ததும் அதே எண்தான். என்றாலும் கோடு போட்டுத்தான் எழுதினான்.

ஜூலை நடுவில் ஒரு நாள், அவன் தோணியைக் கட்டிவிட்டுப் போத்தலை என்னிடம் நீட்டும்போது அவன் தொலைபேசி அடித்தது. தெரியாத இலக்கம். ஊர் இலக்கம். போத்தலை நான் பிடிப்பதற்கு முதலே அவன் விட்டுவிட்டான். மரப்பலகையில் விழுந்தது, நல்லகாலம் உடையவில்லை. அவன் "ஹலோ" என்றான். பிறகு "அக்கா" என்றான். பிறகு பாலத்தின் அந்த முனைக்கும் இந்த முனைக்கும் நடந்தான். ஓம் ஓம் என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. நான் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். கதைத்து முடித்து வந்து என் பக்கத்தில் பலகையில் இருந்தான்.

"அக்காவும் பிள்ளையளும் முகாமிலை இருக்கினம் அன்ரி."

அத்தான் என்று கேட்க வாய் எடுத்தேன். அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். அது ஒன்றுதான் அந்த வருடத்தில் என் வாய் தானாகச் செய்த நல்ல வேலை.

அன்று பின்னேரம் அவன் மணித்தாளில் 7,0 என்று எழுதினான். நான் பழக்கதோசத்தில், தசம் நாலு எங்கே என்று கேட்டேன். அவன் தொலைபேசியைத் திருப்பிக் காட்டினான். கதைத்த நேரம் அதில் இருந்தது. இருபத்துநாலு நிமிடம்.

செப்டெம்பரில் நிதியத்தில் இருந்து கணக்குப் பார்க்க ஒருவர் வந்தார். கொப்பன்ஹேகன்காரர், ஒல்லியான ஆள், கோப்பி வேண்டாம் என்று சொன்ன ஒரே டெனிஷ்காரர். ரமணனின் கோடை மாதங்களை நடுவில் வைத்து ஒரு பக்கம் சிவப்புக் கண்ணாடிக்காரி, ஒரு பக்கம் ரமணன், வாசல் பக்கக் கதிரையில் நான். நடந்தது எல்லாவற்றையும் எழுதி ஒரு கடிதமும் தாள்களோடு இணைத்திருந்தது. என் பெயரும் அதில் நன்றாக விழுந்திருந்தது. அவர் அதை வாசித்தார். கோடுகளைப் பார்த்தார், கோட்டுக்குக் கீழே கிடந்த என் இடுப்பில்லாத ஏழுகளைப் பார்த்தார். மே மாதத்து விடுமுறையைப் பார்த்தார். முகம் இளகவேயில்லை. ஒரு முறை பிழை எழுதின தாளில் இப்போது எழுதியிருப்பது மட்டும் சரியென்று நான் எப்படி நம்புவது என்று கேட்டார். நியாயமான கேள்வி.

அவர் ஜூலைக்கு வந்தார். விரலை ஒவ்வொரு நாளாகக் கீழே இறக்கினார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"எல்லா நாளும் ஏழு தசம் நாலு. இந்த நாள் மட்டும் ஏழு. இருபத்துநாலு நிமிடம் எங்கே போனது?"

ரமணன் சொன்னான், என் அக்கா கதைத்தாள் என்று. டெனிஷில் அது மூன்று சொல்தான் வரும்.

அந்த மனிதர் விரலை எடுக்கவில்லை. இணைத்திருந்த கடிதத்தைத் திரும்ப எடுத்து, மே மாதத்தைப் பற்றி எழுதியிருந்த இடத்தை இன்னொரு தரம் வாசித்தார். பிறகு கோப்பை மூடினார். இருபத்துநாலு நிமிடத்தைக் குறைத்து எழுதுகிற ஆளை இத்தனை வருடத்தில் இதுவரை கண்டதில்லை என்று சிவப்புக் கண்ணாடிக்காரியிடம் சொன்னார். ஒரு கோப்பி கிடைக்குமா என்றும் கேட்டார். நான் எழும்பி ஓடினேன்.

ரமணனின் ஒப்பந்தம் நீண்டது. அக்காவையும் பிள்ளைகளையும் வெளியில் எடுக்க அவனுக்கு இன்னும் கனகாலம் போனது, அது அவன் சொல்லவேண்டிய கதை. நானும் பென்சன் வரும் மட்டும் அந்தக் கந்தோரில் இருந்தேன். அதற்குப் பிறகு யாரிடமும் வெறும் தாளில் ஒப்பம் வாங்கவில்லை. நீங்களும் வாங்காதீர்கள், உங்கள் கணினியில் வெறும் தாள் எந்தப் பெயரில் வருகிறதோ எனக்குத் தெரியாது.

கடைசியாக உங்களிடம் ஒரு வேலை. நிலவறைக்குப் போனால் அந்தப் பச்சைக் கோப்பை எடுங்கள். அதிலேயே பின்னால், ஏரிக்குத் துணை போன நாட்களுக்கு நான் எழுதின என்னுடைய ஜூலைத் தாளும் இருக்கிறது. ரமணனின் தொலைபேசி அடித்த நாளைத் தேடிப் பாருங்கள். அந்த இருபத்துநாலு நிமிடமும் நானும் வேலை செய்யவில்லை. போத்தலை மடியில் வைத்துக்கொண்டு, உல்லாசப் பயணிகளுக்கு முன்னால், உயிர்காப்புச் சட்டைக்குள் இருந்து அழுதேன். ஆனால் என் தாளில் 7,4 என்று அழகாக எழுதியிருக்கிறது.

அதைத் திருத்திவிடுங்கள். ஒரே ஒரு கோடு. திகதி, நீங்கள் திருத்துகிற நாளின் திகதி. பழையது கீழே தெரியட்டும்.